காளான் மருந்தும் விடாத வைரஸும்



"காளான் மாத்திரை சாப்பிட்டால் வைரஸ் போய்விடுமாமே?" என்று கேட்கிறவர்கள் இன்று பலர். அதைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

சளி, காய்ச்சல் தரும் வைரஸ்கள் சில நாளில் போய்விடும். கர்ப்பப்பை வாயில் தொற்றும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் அப்படியல்ல. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பெண்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் சரீரமே அதை வென்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு அது பல ஆண்டுகள் தங்கி, புற்றுநோயாக மாறக்கூடும்.

காளான் எப்படி உதவும்?

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. மனித சரீரத்தில் அது இல்லை. ஆகவே நம் வெள்ளை அணுக்கள் அதை அந்நியன் என்று கண்டு விழித்துக்கொள்கின்றன. அதை அடையாளம் காணும் ஏற்பி 2001-ல் கண்டறியப்பட்டது. ஜப்பானில் கோரோ சிஹாரா குழுவினர் ஷிடாகே காளானிலிருந்து லென்டினான் என்ற பொருளைப் பிரித்து 1969-ல் வெளியிட்டனர். பின்னர் அது இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அங்கே ஊசி மூலம் கொடுக்கப்பட்டது.

ஹெச்.பி.வி.க்குச் சோதிக்கப்பட்டது ஏ.ஹெச்.சி.சி. என்ற சாறு. ஷிடாகே காளானின் வேர்போன்ற இழைகளை வளர்த்து எடுக்கப்படும் இதில் ஆல்பா குளுக்கானே அதிகம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொற்று நீங்காத பெண்கள், தினம் 3 கிராம் வீதம் ஆறு மாதம் சாப்பிட்டனர். 22 பேரில் 14 பேருக்கு வைரஸ் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 19 பேரில் 2 பேருக்கே மறைந்தது.

எச்சரிக்கை அவசியம்

இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மொத்தம் 41 பேர், ஒரே ஒரு மையம். மருந்தை நிறுத்திய பின், அந்த 14 பேரில் 9 பேருக்கே பலன் நிலைத்தது உறுதியானது. புற்றுநோயைத் தடுக்குமா என்பது சோதிக்கப்படவில்லை. கடையில் விற்கும் எல்லாக் காளான் பொடியும் இந்தச் சாறு அல்ல. குழம்பில் போடும் காளானும் அல்ல.

மாத்திரையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியிடப்பட்டது.

ஆகவே 9 முதல் 14 வயதுள்ள பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். 30 வயது கடந்த தாய்மாரையும் சகோதரிகளையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். காளான் மருந்தை விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் எடுக்கட்டும். பரிசோதனையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.