மோரேயின் எல்லைக் கதவு

இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே, அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் என்னும் நான்கு மாநிலங்களின் ஓரமாக 1,643 கிலோமீட்டர் தூரம் செல்கின்ற எல்லை, அங்கே வாழும் ஜனங்களின் சம்மதம் பெற்று வகுக்கப்பட்டதன்று. 1826-இல் யாண்டபோவில் ஆங்கிலேயர் பர்மிய அரசருடன் செய்துகொண்ட உடன்படிக்கையும், 1834-இல் கபாவ் பள்ளத்தாக்கை மணிப்பூர் இராஜ்யத்திடமிருந்து எடுத்துப் பர்மாவுக்கு அளித்த ஏற்பாடும், 1967-இல் சுதந்திர சர்க்கார்கள் இரண்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அடுத்தடுத்து உறுதி செய்த கோடு அது. அதனால் மிசோக்கள் இப்பாலும் அவர்களுடைய இரத்த பந்துக்களாகிய சின் மக்கள் அப்பாலும் ஆயினர். நாகாலாந்தின் லோங்வா கிராமத்திலோ, ஆங் எனப்படும் கோன்யாக் தலைவரின் இல்லத்தினூடாகவே எல்லை செல்கின்றது.

இவ்விசித்திரத்தை உணர்ந்தே, எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வசிக்கும் மலைவாசிகள் பாஸ்போர்ட்டும் விசாவுமின்றிப் போய்வரலாம் என 1950-இல் சர்க்கார் சலுகை அளித்தது. 1968-இல் அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2004-இல் தூரம் 16 கிலோமீட்டராகச் சுருங்கிற்று.

இச்சலுகையின் நிழலில் வளர்ந்த ஊர்களுள் தமிழர் அவசியம் அறிய வேண்டியது மணிப்பூரின் மோரே. 1962-இல் பர்மிய இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் தேசியமயமாக்கியபோது பர்மாவை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான இந்தியருள், கப்பலேறித் தமிழ்நாடு வந்தும் இங்கே வேர்பிடிக்க இயலாத சிலர், பிறந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்பிவிடலாமென்று புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மேலே செல்ல வழியும் மீண்டு வர மனமுமின்றி மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினர். தமிழ்ச் சங்கம் கண்டனர். குக்கி, மெய்தெய், நாகர், மணிப்பூரி முஸ்லிம், நேபாளியர், பஞ்சாபியர், மார்வாரியர் ஆகியோருடன் கலந்து வியாபாரம் செய்தனர். மோரேயின் எல்லையிலுள்ள இரண்டாம் கேட்டைக் கடந்தால் பர்மியப் பக்கத்து நம்ப்ஹாலோங் சந்தை. காலையில் போய்ச் சாமான் கொண்டு மாலைக்குள் திரும்புவதே ஊராரின் ஜீவனோபாயமாக இருந்தது. 1995-இல் எல்லை வர்த்தகம் சட்டபூர்வமாகத் தொடங்கியபோது, நெடுங்காலமாக நடந்துவந்த ஒன்றுக்கு முத்திரை கிடைத்தது, அவ்வளவே.

எல்லையை இறுக்கக் கோருவோரின் வாதமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. இந்திய சர்க்காரை எதிர்த்து ஆயுதமேந்திய குழுக்கள் பர்மியக் காடுகளில் முகாமிட்டிருந்தமை உலகறிந்தது. 2015 ஜூன் 4 அன்று சந்தேல் மாவட்டத்தில் 18 இராணுவ வீரர் பதுங்கித் தாக்கியோரால் மாண்டனர். ஹெராயினும் மாத்திரை வடிவிலான போதைப்பொருளும் இவ்வழியே வருகின்றன. 2021 பிப்ரவரியில் பர்மிய இராணுவம் மீண்டும் அதிகாரத்தைப் பறித்தபின் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மிசோரத்தில் தஞ்சம் புகுந்தனர். அகதி என்னும் அந்தஸ்தை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று மத்திய சர்க்கார் எழுதியும், தம் இனத்தாரைத் திருப்பி அனுப்ப மிசோ மக்கள் இசையவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தெய், குக்கி மக்களிடையே மூண்ட கலவரத்தில் மோரேயும் எரிந்தது. இரு தரப்பையும் சேராத தமிழரின் வீடுகளும் தப்பவில்லை.

2024 பிப்ரவரியில் உள்துறை மந்திரி அமித் ஷா, எல்லை முழுவதும் வேலி அமைக்கப்படும் என்றும், தடையற்ற நடமாட்டம் ரத்தாகும் என்றும் அறிவித்தார். மிசோரம், நாகாலாந்து சட்டசபைகள் இதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. மெய்தெய் அமைப்புகள் பல வரவேற்றன. ஆண்டிறுதியில் சர்க்கார் சற்றே இறங்கிவந்து, தூரத்தை 10 கிலோமீட்டராகக் குறைத்து, அஸ்ஸாம் ரைபிள்ஸ் வழங்கும் சீட்டுடன் குறிக்கப்பட்ட இடங்கள் வழியாக ஏழு நாள் தங்கிவர இடமளித்தது.

இந்தப் பிந்திய ஏற்பாடே விவேகமானது என்பது என் அபிப்பிராயம். பெயரும் ஊரும் பதிந்து, பகலில் கேட் வழியே வருகிறவனைக் காவலர் அறிவர். ஹெராயினைச் சுமந்து நள்ளிரவில் மலை தாண்டுகிறவனோ எக்காலத்திலும் சீட்டுக்காக வரிசையில் நின்றவனல்லன். உத்தேசம் 31,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட வேலி, அடர்வனமும் செங்குத்தான சரிவுகளும் நிறைந்த அத்தேசத்தில் முழுமையுறப் பல்லாண்டு செல்லும். இதற்கிடையே நேர்வழியை அடைத்தால், மருந்துக்கும் மணவீட்டுக்கும் போகிற சாதாரண ஜனங்களும் கள்ளவழிக்கே பழகுவர்.

தஞ்சம் புகுவோரின் நிலையோ இன்னும் தெளிவுறவில்லை. 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டம் எதையும் பாராளுமன்றம் இயற்றவுமில்லை. வேலிக்குப் பணம் ஒதுக்குகின்ற சர்க்கார், அச்சட்டத்தையும் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும்.