தர்க்கம் நடக்கும் இரவு

கொடைரோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மன் கோயில் பொங்கலுக்காக ‘வள்ளி திருமணம்’ நாடகம் வைக்கும்பொழுது, சுவரொட்டியைக் கண்டவர்கள் நாடகத்தின் பெயரைப் படிப்பதற்கு முன்பே, அன்றிரவு நாரதராக வருபவர் யார், வள்ளியாக வருபவர் யார் என்று தேடுகிறார்கள் என்றால், அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்னும் அக்கலையின் விசித்திரமான அமைப்பே காரணம்.

இதற்கு நிரந்தரமான கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனிய வித்வானும் வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே பேசப்பட்டு வந்து, மேடையருகில் ஒன்றுகூடி, விடியும் வரையில் நடிக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய பாடம் எல்லோருக்கும் பொது. ஆனால் தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யத் தொடங்கிவிட்டால், எதிரே நிற்பவர் புராணத்திலிருந்து கேட்பாரா, இலக்கணத்திலிருந்து கேட்பாரா என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. பாட்டால் வந்த வினாவுக்குப் பாட்டாலேயே விடை சொல்ல வேண்டும். தடுமாறினால், எந்த வாத்தியாரிடம் பாடம் கேட்டாய் என்னும் ஏளனம் உடனே வந்து விழும். தம் வித்தையையும் குருபரம்பரையையும் உயர்த்திப் பேசாமல் அங்கே நிற்பது அரிது.

இதை வெறும் அகம்பாவமென்று தள்ளிவிடுவது பிழை. தன்னைத்தான் புகழ்வது குற்றமென்று கருதிய நம் முன்னோரே, புலவன் அவையில் வாதிட்டு வெல்லும்பொழுதும், எதிரி தன்னைப் பழிக்கும்பொழுதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்பொழுதும், அரசவைக்கு ஓலை விடுக்கும்பொழுதும் அது தகும் என்று விலக்களித்தார்கள். பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வீரன் அரசன்முன் தன் மேம்பாட்டைத் தானே எடுத்துரைப்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘நெடுமொழி கூறல்’ என்று ஒரு துறையாகவே ஏற்றுக்கொண்டது.

ஜெர்மனியின் ராப் பாடகர்களிடமும் இந்த நெடுமொழி உண்டு. முன்னாள் சகாவான கூல் சவாஷைத் தாக்கி எக்கோ பிரெஷ் 2004-இல் ஒரு பாட்டு வெளியிட, சவாஷ் 2005-இல் மறுபாட்டால் பதிலளித்தது அந்நாட்டு ரசிகரிடையே பிரசித்தம். ஆனால் அங்கே, பாடுகிறவன் தான் பாடும் தெருவாழ்வை உண்மையாகவே வாழ்ந்தவனா என்பது பெரிய கேள்வி. அதற்குச் சான்று பாட்டுக்கு வெளியே கிடக்கிறது. நம் மேடையிலோ, யாரிடம் கற்றாய், எவ்வளவு கற்றாய் என்பதே கேள்வி. அதற்குரிய பிரத்தியட்ச பிரமாணம் அந்த இரவிலேயே, ஊரார் கண்முன்னே கிடைத்துவிடுகிறது. இவ்விரண்டில் நம்முடைய பரீட்சையே நேர்மையானது என்பது என் துணிபு.

ஆகையால், நாடகம் வைக்கும் ஊர்ப் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு: நேரம் போதவில்லையென்றால் சினிமாப் பாட்டுக்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், தர்க்கத்தைக் குறைக்காதீர்கள்.