தண்டனையின் எல்லையும் வாக்குரிமையும்

குற்றம் புரிந்தோரைத் தண்டித்தல் அரசின் கடமை. ஆயின் அத்தண்டனை எவ்விடத்தில் முடிவுறும் என்பது குடியாட்சி நாடுகள் யாவும் ஆராய்தற்குரிய வினாவாகும். சிறையினின்று மீண்டு, வரி செலுத்தி, சட்டத்துக்கு அமைந்து வாழும் ஒருவர், அச்சட்டத்தை ஆக்குவோரைத் தெரிவு செய்யும் உரிமையை என்றும் இழந்திருத்தல் தகுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய புளோரிடாவின் வரலாறு இவ்வினாவைத் தெளிவுறுத்துகின்றது.

தண்டனை முடித்தோர்க்கும் வாக்குரிமை மறுத்தல் அரசியலமைப்புக்கு முரணன்று என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1974 ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. எனவே மாநிலங்கள் வெவ்வேறு நெறிகளைக் கைக்கொண்டன. மேயின், வெர்மண்ட் என்னும் இரண்டும் சிறையிலிருப்போரையும் வாக்களிக்க விடுகின்றன. புளோரிடாவோ பாரிய குற்றம் புரிந்தோரை, ஆளுநரும் அவர்தம் அமைச்சரவையினரும் கருணை காட்டினாலன்றி, வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்தது.

2018 நவம்பரில் இந்நிலை மாறியது. குடிமக்கள் கையொப்பந் திரட்டி முன்வைத்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60 சதவீத ஆதரவு வேண்டியிருந்தது. 64 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். கொலையும் பாரிய பாலியற் குற்றமும் ஒழிந்த ஏனைய குற்றங்களுக்குரிய தண்டனையை முற்றாக நிறைவேற்றியோர்க்கு உரிமை மீண்டது. ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இதனாற் பயனடைவர் என மதிப்பிடப்பட்டது.

ஆயினும் ‘முற்றாக’ என்பதன் பொருள் பற்றி வழக்கெழுந்தது. நீதிமன்றம் விதித்த தண்டப்பணம், கட்டணம், நட்டஈடு ஆகியனவும் தீர்க்கப்படல் வேண்டும் என மாநிலச் சட்டமன்றம் 2019 இல் விதித்தது. 2020 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்றது. நட்டஈடு தண்டனையின் கூறே என்பாரது வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தீங்குற்றோர்க்குரிய கடனை மறத்தல் நீதியாகாது. எனினும், ஒவ்வொருவரும் செலுத்தவேண்டிய தொகையை ஒருங்கே காட்டும் பதிவேடு அப்பொழுது அம்மாநிலத்தில் இருக்கவில்லை. தம் கடனின் அளவை அறியாதார் அதனைத் தீர்ப்பது எங்ஙனம்? தகுதியின்மையை அறிந்தே வாக்களித்தலும் குற்றமாதலின், ஐயமுற்றோர் பலர் விலகி நிற்றல் இயல்பே.

இதன் விளைவு யாது? ஒரே குற்றம் புரிந்த இருவருள், செல்வர் பணத்தைச் செலுத்தி உடனே வாக்காளராவர். வறியவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பர். அவ்விருவரையும் வேறுபடுத்துவது குற்றமன்று, பொருளே. கூட்டாட்சித் தேர்தல்களில் வரி செலுத்தாமையைக் காரணங் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என 1964 இல் அரசியலமைப்பைத் திருத்திய நாடு அது. நட்டஈட்டுக் கடனை அறவிடுதற்குச் சட்டத்தில் வேறு வழிகள் உள. அக்கடன் நிலுவையில் நிற்க, தண்டனைக் காலத்தை முடித்தோர்க்கு வாக்குரிமையை மீள அளித்தலே அம்மக்கள் நிறைவேற்றிய திருத்தத்தின் நோக்கத்துக்கு இயைந்ததாகும்.