குக்கரின் பாதுகாப்பு வால்வு

பிரஷர் குக்கரின் வெயிட்டை வடநாட்டுக் கடைக்காரர் ‘சீட்டி’ என்பார். கேட்டதும் எடுத்துத் தருவார். நம் இல்லங்களில் பெரிதும் கவனிக்கப்படாதிருப்பது மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வுதான். எளிதில் உருகும் உலோகக் கலவை அதனுள் அடைக்கப்பட்டிருக்கிறது. நீர் வற்றினாலும், ஆவிக்குழாயைப் பருப்பு அடைத்துக்கொண்டாலும், வெப்பம் மிகுந்து அக்கலவை உருகி, ஆவிக்கு வழிவிடுகிறது. ஒருமுறை உருகிய வால்வு மறுமுறைக்கு உதவாது. சிக்கனம் கருதி அத்துளையைத் திருகாணியால் அடைப்பது, அடுப்பின்மேல் வெடிகுண்டை ஏற்றுவதற்கு ஒப்பாகும். குக்கர் எந்தக் கம்பெனியுடையதோ, அதே கம்பெனியின் வால்வையே கேட்டு வாங்குங்கள். கேஸ்கட்டும் அவ்வாறே, விறைத்துவிட்டால் மாற்றிவிடுங்கள். புதுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயம். கடைக்குப் போகும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அளவும் பிசகாது, இந்தி தெரியாத குறையும் தோன்றாது.