நாஞ்சில் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளும் துணைநூற்பட்டியலும்: பெயர், ஆண்டு, மூல ஆவணம்

ஆய்வுச்சுருக்கம்

ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய மேலைநாட்டு மேற்கோள் முறைகளுள் ஒன்றைப் பின்பற்றுமாறு கட்டுரையாளரைக் கேட்கின்றன. இம்முறைகளைக் குமரி மாவட்டத்து மூலங்களுக்கு இயந்திரகதியில் பொருத்தும்போது ஆசிரியர் பெயர், ஆண்டு, மூல ஆவணம் ஆகிய மூன்றிலும் பிழை நேர்கிறது. அப்பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள் முறை, துணைநூற்பட்டியல், நாஞ்சில் நாடு, கொல்லம் ஆண்டு, கல்வெட்டு, ஓலைச்சுவடி

முன்னுரை

ஒரு கருத்து எங்கிருந்து பெறப்பட்டது என்பதை வாசகர் தாமே சென்று சரிபார்ப்பதற்கு வழிகாட்டுவதே மேற்கோள் குறிப்பின் பணியாகும். காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்வெழுத்து ஆகியவை அப்பணிக்குத் துணைசெய்பவை. குறியீடுகள் யாவும் சரியாக அமைந்தும் நூலைத் தேடிச் செல்பவர் அதனைக் கண்டடைய இயலவில்லையெனில் அக்குறிப்பால் பயனில்லை. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூருடனும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியுடனும் இணைந்திருந்த பகுதியாகும். எனவே அதன் ஆவணங்கள் இரு மாநிலங்களிலும், தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பரவிக் கிடக்கின்றன. இங்கு மேற்கோள் குறிப்பின் தெளிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

1. ஆசிரியர் பெயர்

மேலை முறைகள் குடும்பப் பெயரை முன்னிறுத்தி, இயற்பெயரைப் பின்னர்த் தருகின்றன. தமிழர் பெயரில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். சில பெயர்களில் ஊரையோ வீட்டையோ குறிக்கும். இறுதிச்சொல் குடும்பப் பெயராக இருப்பது அரிது. தேரூரில் பிறந்த கவிமணி சி. தேசிகவிநாயகம் பிள்ளையின் (1876–1954) பெயரைக் கருதுவோம். ‘சி.’ என்பது தந்தையாராகிய சிவதாணுப் பிள்ளையைச் சுட்டுகிறது. ‘கவிமணி’ 1940இல் அளிக்கப்பட்ட பட்டம். ‘பிள்ளை’ சாதிப் பட்டம். மேலை விதியை அப்படியே பின்பற்றினால் இப்பெயர் ‘பிள்ளை, சி. தே.’ என்றாகும். அவ்வாறு எழுதப்பட்ட பட்டியலில் ஒரே எழுத்தின்கீழ்ப் பல பிள்ளைகள் வரிசையாக நிற்பர். கவிமணியைத் தேடுபவர் அவரை அடையாளம் காண முடியாது. கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் (1874–1950) பெயரும் ‘பாவலர், செ.’ எனத் திரிந்து, புலமைப் பட்டம் குடும்பப் பெயராகிவிடும்.

ஆகவே ‘தேசிகவிநாயகம் பிள்ளை, சி.’, ‘செய்குத்தம்பிப் பாவலர்’, ‘அப்பாத்துரை, கா.’ என இயற்பெயரை முன்னிறுத்துவதே பொருத்தமாகும். கவிமணி, சதாவதானி, பன்மொழிப் புலவர் போன்ற அடைமொழிகளைக் கட்டுரையின் உள்ளே வழங்கலாம். பட்டியலில் அவை அகர வரிசையைத் தீர்மானிக்கலாகாது.

இவ்விதிக்கும் விலக்கு உண்டு. ‘தி சுசீந்திரம் டெம்பிள்’ (கலாக்ஷேத்ரா, 1953) என்னும் நூலின் ஆசிரியர் ஆய்வுலகில் கே. கே. பிள்ளை என்றே அறியப்பட்டவர். நூலக அட்டவணைகளும் அவரை அப்பெயரிலேயே காட்டுகின்றன. அவரை மட்டும் ‘பிள்ளை, கே. கே.’ என்று எழுதுவதே முறை. ஆசிரியர் எந்தப் பெயரால் அறியப்பட்டாரோ, எந்தப் பெயர் நூலின் முகப்பில் அச்சாகியுள்ளதோ அதுவே பட்டியலிலும் முன்நிற்க வேண்டும் என்பதே இவ்விரு நிலைகளுக்கும் பொதுவான அடிப்படை. சாதிப் பட்டத்தை விலக்க வேண்டும் என்னும் கொள்கையுடைய ஆய்வாளர் தம் உரையில் அதனைத் தவிர்க்கலாம். பட்டியலில் நீக்கினால் வாசகர் நூலைத் தேடும் வழி அடைபடும்.

சோட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் பெயரை இரு கூறுகளாகப் பிரிக்க முயல்கின்றன. அதில் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்தி, பெயரை வேண்டிய வரிசையில் தாமே உள்ளிடுவது நன்று.

2. ஆண்டு

பழைய திருவிதாங்கூர் ஆவணங்களும் நூல்களும் பெரிதும் கொல்லம் ஆண்டைத் தருகின்றன. ஆவணி (சிங்ஙம்) முதல் நாளில் ஆண்டு பிறப்பதால், கொல்லம் ஆண்டு ஒன்று இரு கிறித்துவ ஆண்டுகளில் விரிந்து கிடக்கும். ஆவணி முதல் டிசம்பர் இறுதிவரையுள்ள நாளுக்கு 824ஐயும், சனவரி முதல் ஆடி இறுதிவரையுள்ள நாளுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் (ஐப்பசி) 27இல் வெளியானது. அது 1936 நவம்பர் 12 ஆகும். அதே 1112ஆம் ஆண்டின் மாசி மாத ஆவணமோ 1937ஐச் சேர்ந்தது. எப்போதும் 825ஐக் கூட்டும் ஆய்வாளர் பிரகடனத்தையே ஓராண்டு பின்தள்ளிவிடுவார்.

மாதம் தெரியாத நிலையில் ‘கொல்லம் 1112 (1936–37)’ என இரட்டை ஆண்டாகக் குறிப்பதே நேர்மையானது. எந்நிலையிலும் மூலத்திலுள்ள ஆண்டை நீக்காமல், மாற்றிய ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டும். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு கலியுக நாள் 14,49,087 என்று காலம் குறிக்கிறது, அது கி.பி. 866 எனக் கணிக்கப்பட்டுள்ளது. கணிப்பை மட்டும் தந்து மூல எண்ணை விட்டுவிட்டால் பின்வருவோர் கணக்கைச் சரிபார்க்க இயலாது.

3. கல்வெட்டும் ஓலையும் வாய்மொழியும்

கன்னியாகுமரியிலுள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையிலும் எபிகிராபியா இண்டிகாவிலும் பதிப்பிக்கப்பட்டுள்ளது. ‘வீரராசேந்திரன் கல்வெட்டு’ என்று மட்டும் குறித்தால் எப்பதிப்பின் பாடம் எடுக்கப்பட்டது என்பது விளங்காது. கல்வெட்டுள்ள ஊர், இடம், வரிசையின் பெயர், தொகுதி, எண், பக்கம், வரி ஆகியவற்றுடன் பதிப்பித்தவர் பெயரும் இடம்பெற வேண்டும். நேரில் படித்தவர் அதனைத் தனியே கூறவேண்டும்.

அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை எடுத்தாளுவோர், மூல ஓலையைக் கண்டனரா அல்லது அ. கா. பெருமாள் பதிப்பைப் பயன்படுத்தினரா என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பதிப்பைப் படித்துவிட்டு மூலத்தைக் கண்டது போல் எழுதுவது, பதிப்பாசிரியரின் உழைப்பை மறைப்பதோடு அவருடைய வாசிப்பு முடிவுகளையும் மூலத்தின் மேல் ஏற்றிவிடும்.

வில்லுப்பாட்டுக் கலைஞரிடம் பெற்ற செய்திக்கு இசைவு பெற்ற பெயர், ஊர், நாள், ஒலிப்பதிவு இருக்குமிடம் ஆகியவை தேவை. ஏபிஏ முறையில், பிறர் எடுத்துக் கேட்க இயலாத நேர்காணல் கட்டுரையின் உள்ளே மட்டும் சுட்டப்படும். எம்எல்ஏ முறை அதனைப் பட்டியலிலும் சேர்க்கிறது. அனுப்பவிருக்கும் இதழின் விதியை இங்கு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முடிவுரை

இதழ் கேட்கும் முறையை மீறுமாறு இக்கட்டுரை கூறவில்லை. அம்முறையின் சட்டகத்துக்குள்ளேயே பெயரை வழக்கிலுள்ளவாறும், ஆண்டை மூலத்துடனும், ஆவணத்தைத் தாம் கண்ட வடிவிலும் தருதல் இயலும். கையெழுத்துப் படியை அனுப்புமுன், பட்டியலிலுள்ள ஒவ்வொரு பதிவையும் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு நூலகரிடம் கொடுத்தால் அவரால் அந்நூலை எடுத்துத் தர முடியுமா என்று வினவிக்கொள்ளுதல் தக்கது. முடியும் என்ற விடை கிடைக்கும்போதே பட்டியல் நிறைவுபெறுகிறது.