மனச்சோர்வும் அதற்குரிய மருந்தும்

பழைய இலக்கண நூலார் தமிழகத்தின் வட எல்லையாக வைத்தது வேங்கட மலையை. அம்மலையின் அடிவாரத்தில் உள்ள திருப்பதியிலும், அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தூரிலும், இடையில் உள்ள பல ஊர்களிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 1953-ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது இப்பகுதி அதனோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. வழிவழியாக அங்கே வாழ்பவர்களோடு, பிழைப்பு நாடிப் பின்னர் குடியேறியவர்களும் உண்டு. பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் உள்ள தமிழரைப் போலவே, இவர்களுக்கும் கடைத்தெருவில் ஒரு மொழி, வீட்டுக்குள் வேறொரு மொழி.

உடல் நோயைச் சொல்ல மொழி மிகுதியாக வேண்டியதில்லை. வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினால் மருத்துவர் புரிந்துகொள்வார். மனத்தின் நோய் அப்படிப்பட்டதன்று. அதைத் தொட்டுக் காட்ட இடமில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே, அயல் மாநிலத்தில் வாழும் தமிழர் மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியும், அதற்குத் தரப்படும் மருந்துகளைப் பற்றியும் தெளிவாக அறிந்திருப்பது இன்றியமையாதது எனக் கருதி, அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் புத்தூர் என்ற ஊர் உள்ளது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் பெற்றது. கை ஒடிந்தால் பேருந்து ஏறிப் புத்தூர்க் கட்டுக்குப் போவதற்கு நம்மவர் யாரும் வெட்கப்படுவதில்லை. "எப்படி ஒடிந்தது?" என்று கேட்போருக்கும் தயங்காமல் விடை சொல்வார்கள். ஆனால் மனம் ஒடிந்து கிடப்பவர் மட்டும் அதனை மறைக்கிறார். வீட்டாரும் மறைக்கிறார்கள். இந்த வேற்றுமைக்கு நியாயம் ஏதும் இல்லை.

முதலில், மனச்சோர்வு எது, எது அன்று என்பதைப் பார்ப்போம். துயரம் மனிதனுக்கு இயல்பு. தமிழ் இலக்கணம் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் அழுகையும் ஒன்று. தாயை இழந்தவர் அழுவதும், தொழிலில் நட்டம் அடைந்தவர் சில நாள் முகம் வாடி இருப்பதும் நோயல்ல. அந்தத் துயரத்துக்கு இடையிலும் குழந்தையின் மழலை அவரைச் சிரிக்க வைக்கும். பிடித்த உணவு சுவைக்கும். நாள் செல்லச் செல்லப் பாரம் குறையும். மனச்சோர்வு என்னும் நோயில் இவை நிகழ்வதில்லை. நாள் முழுவதும் சோகமோ, எதிலும் விருப்பமின்மையோ, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அன்றாடக் கடமைகளைச் செய்யவொட்டாமல் தடுக்குமானால் மருத்துவர்கள் அதை நோய் என்று கருதுகிறார்கள். அதனுடன் தூக்கம் கெடும். விடியற்காலம் மூன்று மணிக்கே விழிப்பு வந்து, மறுபடி கண் அயராது. பசி குன்றும். சிறு வேலையும் மலைபோல் தோன்றும். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் ஓயாது சுழலும். நினைவும் முடிவெடுக்கும் ஆற்றலும் மந்தமாகும். உயிர் வாழ்ந்து பயன் இல்லை என்ற எண்ணமும் தலைதூக்கும்.

நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் உடலின் வேடத்தில் வருகிறது. தலைவலி, முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், தீராத அசதி என்று சொல்லி மருத்துவமனைக்குச் செல்பவர் பலர். படம் எடுத்துப் பார்த்தும், இரத்தம் சோதித்தும் ஒன்றும் தென்படாது. மொழி தெரியாத ஊரில் இந்த இடர் இரட்டிப்பாகிறது. "நொப்பி" என்ற ஒரு தெலுங்குச் சொல்லைக் கற்றுக்கொண்டு வலியை மட்டும் சொல்லும் ஒருவர், தம் உள்ளத்தில் நிகழ்வதைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார். வலி மாத்திரை கிடைக்கிறது. நோய் அப்படியே நிற்கிறது.

இது அரிய நோயும் அன்று. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவதாகத் தெரிந்தது. அதைவிடக் கவலை தருவது மற்றொரு செய்தி: நோயுற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சை ஏதும் பெறவில்லை.

இந்நோய்க்கு ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. குடும்ப வழியில் வரும் இயல்பு, இளமையில் பட்ட துன்பம், கடன், மணவாழ்க்கைப் பிணக்கு, பிரசவம், நீண்ட நாள் நோய், தனிமை, குடிப்பழக்கம் ஆகிய பலவும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. சுற்றமும் மொழியும் விட்டுப் பிரிந்த வாழ்வும் அவற்றுள் ஒன்று. தைராய்டு சுரப்பியின் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே குறிகளைக் காட்டக்கூடும். ஆதலால் மருத்துவர் அவற்றையும் சோதிப்பார்.

இனி, மருந்துகள் எப்படி வந்தன என்பது சுவையான வரலாறு. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் ஒரு பெரிய காசநோய் மருத்துவமனை இருந்ததை நேயர்கள் பலர் அறிவர். காசநோய்க்கு மருந்து தேடிய முயற்சியே மனச்சோர்வுக்கும் மருந்தைக் காட்டியது. 1952-ல் அமெரிக்காவில், நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் ஸீ வியூ மருத்துவமனையில், இப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் உற்சாகம் கொண்டு எழுந்து நடமாடினார்கள், பசி எடுத்தது, பேச்சும் சிரிப்பும் திரும்பின. நுரையீரல் தேறிய அளவுக்கு மேலாக மனம் தேறியிருந்தது. இதைக் கண்ட மருத்துவர்கள், 1957 அளவில் அம்மருந்தை மனச்சோர்வு உற்றவர்களுக்கே கொடுத்துப் பயன் கண்டனர். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர், வேறொரு மனநோய்க்காகச் சோதித்த இமிப்ரமின் என்ற மருந்து, அந்நோய்க்கு உதவாமல் மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு 1957-ல் வெளியிட்டார்.

நம் நாட்டு மூலிகை ஒன்றும் இந்த வரலாற்றில் இடம் பெறுகிறது. சர்ப்பகந்தா வேரை இரத்தக் கொதிப்புக்கு இந்திய மருத்துவர்கள் பயன்படுத்தி வந்தனர். 1952-ல் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தனர். ஆராய்ந்தபோது, ரெசர்ப்பின் மூளையில் உள்ள செரடோனின் முதலிய பொருள்களைக் குறைப்பது தெரிந்தது. ஒரு மருந்து அப்பொருள்களைக் குறைக்கச் சோர்வு வருகிறது. வேறொரு மருந்து அவற்றைக் கூட்டச் சோர்வு நீங்குகிறது. இவ்வாறு ஒரு கொள்கை உருவாயிற்று.

அப்பொருள்களின் வேலை யாது? மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தியை அனுப்பும் அணு, செரடோனின், நாரட்ரீனலின் போன்ற பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது. அது ஓடத்தில் ஆற்றைக் கடப்பதுபோல் அக்கரை சேர்ந்து செய்தியைக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் அனுப்பிய அணுவே அப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இன்று பெரிதும் பயன்படும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ரம் ஆகிய மருந்துகள் செரடோனினை இவ்வாறு உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் நாரட்ரீனலினை உறிஞ்சுவதையும் தடுக்கின்றன. முதலில் வந்த இப்ரோனியாசிட்டோ அப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை அடக்கியது. கல்லீரலுக்குத் தீங்கு செய்ததால் பின்னர் கைவிடப்பட்டது.

செரடோனின் குறைவதுதான் மனச்சோர்வு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். உண்மை அவ்வளவு எளிதன்று. மாத்திரை உட்கொண்ட சில மணி நேரத்திலேயே செரடோனின் கூடிவிடுகிறது. மனமோ தேறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. இந்தக் கால இடைவெளியில், நரம்பணுக்கள் தம்முள் புதிய தொடர்புகளை வளர்த்துக்கொண்டு மூளை தன்னைச் சீர்செய்துகொள்கிறது என இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். புத்தூர்க் கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. அசையாமல் பிடித்துக்கொள்கிறது, எலும்பு தானே கூடுகிறது. மருந்தின் வேலையும் ஏறக்குறைய அத்தகையதே.

இதனால் நோயாளி அறியவேண்டிய முதற்செய்தி: பொறுமை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பயன் தெரியத் தொடங்கும். முழுப் பயனுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லலாம். முதல் வாரத்தில் பயன் வருமுன்னே குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு ஆகிய தொல்லைகள் வரலாம். அவை பெரும்பாலும் சில நாளில் தணியும். பழைய வகை மருந்துகளால் நாவறட்சியும் மலச்சிக்கலும் உண்டாகலாம். இல்லற இன்பத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். முதல் மருந்து எல்லாருக்கும் பயன்படும் என்பதில்லை. அது பயன்படாவிட்டால் இரண்டாவது மருந்து பயன்படக்கூடும்.

இரண்டாவது செய்தி: நலம் அடைந்ததும் நிறுத்திவிடலாகாது. வலி நின்றதும் கட்டை அவிழ்ப்பவன் கையை மறுபடி ஒடித்துக்கொள்வான். நலம் பெற்ற பின்னும் ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடரவேண்டும். நோய் பலமுறை வந்தவர்கள் இன்னும் நீண்ட காலம் தொடர நேரும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை ஆகியவை வரும். இதைக் கண்டே இம்மருந்து பழக்கத்துக்கு அடிமையாக்கும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். கள்ளையோ அபினையோ போல நாளுக்கு நாள் அளவைக் கூட்டத் தூண்டும் வேட்கை இதில் இல்லை.

மூன்றாவது செய்தி வீட்டாருக்கு. சிகிச்சை தொடங்கிய முதற்சில வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களை, அருகிருந்து கவனிக்கவேண்டும். மருந்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருப்பது நன்று. நோயாளிக்கு முன்பு எப்போதேனும் அளவுகடந்த உற்சாகமும், தூக்கமே வேண்டாத வேகமும் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லவேண்டும். அந்நோய்க்குச் சிகிச்சை வேறு. சாவைப் பற்றி நோயாளி பேசினால், "இதெல்லாம் என்ன பேச்சு?" என்று அடக்குவது தவறு. பேசவிட்டுக் கேட்டு, தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

மருந்து ஒன்றே போதும் என்றும் நாம் சொல்லவில்லை. நோய் இலேசாக இருந்தால் மருந்தின்றி, முறையான உரையாடல் சிகிச்சையாலேயே தீரலாம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்வது சிறந்தது. கோவாவில், மருத்துவம் படிக்காத உள்ளூர் மக்களைப் பயிற்றி, நோயாளிகளோடு சில வாரங்கள் முறையாகப் பேசவைத்ததில் நல்ல பயன் கிட்டியது என 2017-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பேசுபவர் நோயாளியின் மொழியைப் பேசினார் என்பதை நாம் மறக்கலாகாது.

திருப்பதி நாடெங்கும் உள்ளவர் வேண்டுதலோடு வரும் தலம். மனம் நொந்தவர் மலையேறி முடி காணிக்கை செலுத்தி ஆறுதல் பெறுவதை யாரும் குறை சொல்லார். நம்பிக்கை ஒரு துணை. ஆனால் சிகிச்சைக்கு மாற்றாக அதை வைத்தால் விபரீதம் நேரும். 2001-ல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாடு மறக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருபவர், அடிவாரத்தில் உள்ள மருத்துவமனைக்கும் செல்லட்டும்.

எங்கே செல்வது? திருப்பதியில் 1960-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ருயா அரசு மருத்துவமனை உள்ளது. சித்தூரிலிருந்து வேலூர் தொலைவன்று. அங்கே பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு உறவினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்ட இடம் அது. எந்த மாநிலத்தில் இருந்தாலும், இந்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 2018-ல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக்கியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே காவல் துறைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் செல்லுமுன் நான்கு செய்திகளை ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொள்வது பயன் தரும்: எத்தனை வாரமாக இந்நிலை, தூக்கமும் பசியும் எப்படி, ஓயாது வரும் எண்ணம் எது, முன்பு உட்கொண்ட மருந்துகள் யாவை. அவ்வூர் மொழி நன்கு அறிந்த நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்று அவற்றைச் சொல்லவைக்கலாம். பக்கத்து வீட்டில் இருக்கும் தமிழர் சில வாரமாகக் கடை திறக்கவில்லை, விழாவுக்கு வரவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், அவருக்கு அந்தத் துணையாக நாம் போகலாம்.