அடுத்த வாரம் வர்றேன் சார்: சிட்லபாக்கம் ஏரியும் என் கணக்கும்

2019 கோடை யாருக்கும் மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுக்க லாரித் தண்ணிக்குக் காத்திருந்த வருஷம். எங்க சிட்லபாக்கம் ஏரியும் காய்ஞ்சு கிடந்தது. அந்த வெறும் ஏரிக்குள்ள இறங்கி ஊர்க்காரங்க குப்பை அள்ளினாங்க. சிட்லபாக்கம் ரைசிங் என்ற குடியிருப்போர் குழு அதை முன்னெடுத்தது.

எங்க தெருவில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் இருந்தார். போகும்போது எங்க வீட்டு கேட்டைத் தட்டுவார். "வர்றீங்களா தம்பி?" நானும் ஒவ்வொரு தடவையும், "அடுத்த வாரம் வர்றேன் சார்" என்பேன். போகவே இல்லை.

அதே 2019-ல் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. பேப்பரில் படிச்சப்போ சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா அதில் என் பங்கு ஒரு கூடை மண்கூட இல்லையேன்னு உள்ளே உறுத்தியது.

இந்த உறுத்தலைப் பற்றி உளவியலில் நல்ல ஆய்வுகள் இருக்கு. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1995-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: செய்து கெட்ட காரியம் உடனே வலிக்கும், ஆனா நாளாக நாளாக ஆறிடும். செய்யாமல் விட்டதுதான் காலம் போகப்போகப் பெரிசாகும். செய்ததற்கு ஒரு முடிவு இருக்கு. செய்யாததை எப்படி வேணும்னாலும் கற்பனை பண்ணிக்கலாம், அதனால் அது முடிவதே இல்லை.

சரி, ஏன் போகலை? சோம்பல் மட்டும் காரணம் இல்லை. டார்லி, லட்டானே என்ற இருவர் 1968-ல் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறையில் இருக்கும் மாணவர்களுக்கு, இன்னொருத்தர் வலிப்பு வந்து தவிக்கிற குரல் இன்டர்காமில் கேட்கும். கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எனக்கும் அதேதான். "அதான் அத்தனை பேர் போறாங்களே" என்பதுதான் என் வசதியான பதில்.

இன்னொரு காரணம் ஊரின் அமைப்பில் இருந்தது. கிராமத்தில் கிராம சபை உண்டு. வாக்காளர் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். சிட்லபாக்கம் அப்போ பேரூராட்சி, அதனால் கிராம சபை கிடையாது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கலை. ஐந்து வருஷத்துக்கு மேல் எங்களுக்குக் கவுன்சிலரே இல்லை. ஏரியில் இறங்கிய அந்தக் கூட்டம் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்தது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு சிட்லபாக்கம் உள்ளிட்ட பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு. 2022-ல் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். இங்கிருந்து கூப்பிடு தூரம். நான் டிவியில் பார்த்தேன்!

பகுதி சபை என்பது நகரத்துக் கிராம சபை மாதிரி. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பாங்க. அந்தப் பகுதி வாக்காளர் எல்லாருமே உறுப்பினர். விளக்கு, குப்பை, குடிநீர், வடிகால் எதுவானாலும் பேசலாம்.

கடைசியில் ஒருநாள் போனேன். எங்க தெருமுனையில் மழைக்குத் தண்ணி தேங்குவதைச் சொன்னேன். "முன்னாடி அது எந்த வாய்க்கால் வழியா போச்சு?" என்று ஒருத்தர் கேட்டார். எனக்குத் தெரியலை. வந்திருந்த யாருக்கும் தெரியலை.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். இங்கே வயல் இருந்த காலத்திலிருந்து இருந்தவர். எங்க ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், அப்படியே ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும் என்று முதலில் எனக்குச் சொன்னதே அவர்தான், கேட் பக்கத்தில் நின்றபடி. கொரோனா இரண்டாவது அலையில் போய்ட்டார். ஒரு ஞாயிறு அவரோட கரையில் நடந்திருந்தால், கைகாட்டிச் சொல்லியிருப்பார். நான் இழந்தது புண்ணியத்தை மட்டும் இல்லை, ஒரு வரைபடத்தை.

இப்போ அதைத் துண்டு துண்டாகத் தேடிக்கிட்டிருக்கேன். நில அளவைப் புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு தெரியும். அதை வைத்துக்கிட்டு, தெருவில் மிச்சமிருக்கும் வயசானவங்க வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போறேன். "இங்க தண்ணி எப்படி ஓடுச்சு பாட்டி?" என்று ஆரம்பித்தால் போதும், காபியோடு பதில் வருது.

உங்க பகுதி சபை எப்போ, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வையுங்க. எல்லாத்தையும் பேசணும்னு இல்லை, ஒரே ஒரு விஷயத்தைப் போட்டோவோட எடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி உங்க தெருவில் ரொம்ப வருஷமா இருக்கிற ஒருத்தர் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீங்க.